விழாத கட்டடம்

அந்தக் கட்டடம் விழவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விஷ்ராந்த்வாடிப் பக்கம் யாராவது என்னை அடையாளம் கண்டுகொண்டால் இன்றைக்கும் அதைத்தான் கேட்கிறார்கள். "விழும் விழும்னு எங்களைத் துரத்துனீங்களே சாகேப், விழுந்துச்சா?" கேட்டுவிட்டுச் சிரிக்கிறார்கள். நானும் சிரித்து வைக்கிறேன். வேறென்ன செய்வது?

நான் புனேயில் தீயணைப்பு அதிகாரி. வேலூர்ப் பக்கத்திலிருந்து ராணுவத் தளவாட வேலைக்கு இங்கே வந்தவர் அப்பா. நான் பிறந்து வளர்ந்ததெல்லாம் இந்த ஊரில்தான். வீட்டில் தமிழ், ஸ்டேஷனில் மராட்டி, போனில் என்னைத் திட்டுகிறவர்களுக்கு எது வசதியோ அது. பேங்க், ஐடி என்று வேலை பார்க்கும் பிள்ளைகளைப் பற்றி உறவினர்கள் பேசிக்கொண்டிருக்கும்போது, என் முறை வந்தால் அம்மா குரலைச் சற்றுத் தாழ்த்திக்கொள்வார்.

ஆலந்தி சாலையிலிருந்து உள்ளே திரும்பும் சந்து ஒன்றில் அந்தக் கட்டடம் இருந்தது. கீழே மெத்தைக் கடை, மேலே இரண்டு மாடிகள். முதல் மாடியில் பாதியைக் கடைக்காரரே குடோனாக வைத்திருந்தார். மீதியிடத்தில் குடித்தனங்கள். தூண் எழுப்பிக் கட்டியதல்ல. செங்கல் சுவர்களே மொத்தப் பாரத்தையும் தாங்கும் பழைய வகை. வெயில் காலத்து மதியம், கடையின் ஷட்டருக்கு வெல்டிங் வைத்திருக்கிறார்கள். நுரை மெத்தைகளைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு வேலை பார்க்கலாம் என்று அங்கே இருந்த ஒருவருக்கும் தோன்றவில்லை.

நாங்கள் போனபோது சந்தின் வாயிலில் ஒரு கார் நின்றிருந்தது. உரிமையாளர் எதிரே இருந்த சலூனில் முகத்தில் சோப்பு நுரையோடு உட்கார்ந்திருந்தார். காரை எடுங்கள் என்றால், "அஞ்சு நிமிஷம்" என்று கையைக் காட்டினார். கரும்புகை தலைக்கு மேலே போய்க்கொண்டிருக்கிறது, அந்த மனிதர் அஞ்சு நிமிஷம் என்கிறார். அவரை நுரையோடு எழுப்பிக் காரை எடுக்க வைத்த பிறகுதான் எங்கள் வண்டி உள்ளே நுழைய முடிந்தது.

கட்டடத்தின் முன்னால் கூட்டம் நின்றிருந்தது. அதிலிருந்து கட்டம் போட்ட லுங்கி கட்டிய பெரியவர் ஒருவர் என்னிடம் வந்தார். என் கோட்டில் எழுதியிருந்த பெயரை நிதானமாகப் படித்தார்.

"தம்பி நம்மூரா?"

"வேலூர்ப் பக்கம். உள்ள யாராவது இருக்காங்களா சார்?"

"நமக்குத் திருநெல்வேலி. பேங்க்ல மேனேஜரா இருந்து ரிட்டயர்டு ஆயிட்டேன். இந்த பில்டிங் சொசைட்டிக்கு நாந்தான் செகரட்டரி."

"சார், உள்ள யாராவது இருக்காங்களா?"

எல்லாரும் இறங்கிவிட்டதாகச் சொன்னார். பக்கத்திலிருந்த ஒரு பெண், இரண்டாம் மாடியில் தனியாக இருக்கும் தாத்தா மதியம் தூங்குவார், அவரைக் காணவில்லை என்றாள். இதற்குள் கடைக்காரர் என் கையைப் பிடித்து இழுத்தார். தண்ணீரை எந்தப் பக்கம் அடிக்க வேண்டும் என்று எனக்குக் கற்றுக்கொடுக்க ஆரம்பித்தார்.

ஆட்களை இரண்டாகப் பிரித்தேன். சிலர் குழாயோடு கடைக்குள் போனார்கள், வெளியே நின்ற ஒருவர் தீ எட்டிய முதல் மாடிக் குடோனின் ஜன்னலுக்குள் தண்ணீர் அடித்தார். எங்கள் லீடிங் ஃபயர்மேன் இன்னொருவரைக் கூட்டிக்கொண்டு தாத்தாவைத் தேடி மாடி ஏறினார். பத்து வருடத்துக்கு மேலாக என்னோடு இருப்பவர் அவர். தேவையில்லாமல் ஒரு வார்த்தை பேசமாட்டார். அனுப்புவதற்கு முன் செகரட்டரியிடம் கேட்டேன்.

"கட்டடத்துல எங்கயாவது செவுரு கிவுரு இடிச்சு மாத்தியிருக்கீங்களா?"

"அதெல்லாம் ஒண்ணுங் கெடையாது. நான் கூடவே நின்னு கெட்டுன கெட்டடம்லா. பக்கா கன்ஸ்ட்ரக்‌ஷன்."

எரியும் கட்டடத்தை யார் பார்த்தாலும் தீயைத்தான் பார்ப்பார்கள். நாங்கள் சுவரைப் பார்க்க வேண்டும். நாக்பூர்ப் பயிற்சியில் எங்களுக்கு முதலில் சொல்லிக்கொடுத்ததே கட்டடத்தைச் சுற்றி ஒரு நடை நடந்து வா என்பதுதான். முன்பக்கத்தை மட்டும் பார்த்து ஒரு முடிவுக்கு வரக்கூடாது. நான் நடந்தேன். இடது பக்கத்துக்கும் அடுத்த கட்டடத்துக்கும் நடுவில் ஓர் ஆள் போகும் அளவுக்கு இடைவெளி. அங்கே போய் மேலே பார்த்ததும் கால் தானாக நின்றுவிட்டது.

கடையின் கூரை உயரத்தில் சுவரிலிருந்து ஒரு கதவின் அளவுக்குப் பூச்சு உதிர்ந்து விழுந்திருந்தது. உள்ளேயிருந்து யாரோ முஷ்டியால் குத்தியதுபோல் செங்கற்கள் அந்த இடத்தில் மட்டும் வெளியே பிதுங்கியிருந்தன. கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே புகை நூல் நூலாகக் கசிந்தது. அங்கிருந்து ஒரு விரிசல் மேல்நோக்கி ஏறி இரண்டாம் மாடி ஜன்னலைத் தொட்டது.

வெப்பத்தில் சுவர் வளைவது புதிதல்ல. ஆனால் வளைந்தால் சுவர் மொத்தமாக வளையும். இது ஒரே ஒரு புள்ளியில் பிதுங்கியிருந்தது. எதுவோ உள்ளேயிருந்து தள்ளுகிறது. என்ன தள்ளுகிறது என்று தெரியாமல் ஆட்களை உள்ளே வைத்திருக்க எனக்குப் பிடிக்கவில்லை.

திரும்பி வந்து செகரட்டரியிடம் மறுபடி கேட்டேன். அவர் என்னோடு வந்து எட்டிப் பார்த்தார்.

"இது பழைய விரிசல் தம்பி. போன மழைக்கு விட்டது."

பழைய விரிசலுக்குள் தூசி இருக்கும், ஒட்டடை இருக்கும், ஓரத்தில் சுண்ணாம்பு படிந்திருக்கும். இதன் உட்பக்கம் அப்போதுதான் உடைத்த செங்கல்லின் சிவப்பில் இருந்தது. அதை அவரிடம் சொன்னேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டு, "அப்படியும் இருக்கலாம்" என்றார். அப்படியும் இருக்கலாமாம்!

அதற்குள் மாடியிலிருந்து லீடிங் ஃபயர்மேனின் குரல் வாக்கி டாக்கியில் வந்தது. "சாகேப், தார் உகடத் நாஹி." கதவு திறக்கவில்லை. பூட்டு இல்லை, தாழ்ப்பாளும் போடவில்லை, ஆனால் நிலையில் இறுகிப்போயிருக்கிறது என்றார். உடைத்துக்கொண்டு போய்ப் பார்த்தார்கள். உள்ளே யாரும் இல்லை. அந்தத் தாத்தா கூட்டத்தில் என் பின்னாலேயே நின்று, டீ குடித்துக்கொண்டே, தன் வீட்டுக் கதவு உடைபடும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். "என் கதவை எதுக்கு உடைக்கிறாங்க?" என்று அவர் இந்தியில் கேட்டபோதுதான் அவர் யாரென்றே எங்களுக்குத் தெரிந்தது.

எனக்குக் கோபப்படக்கூட நேரமில்லை. அந்தக் கதவு மனதில் உறுத்தியது. தீ இரண்டாம் மாடியை எட்டவே இல்லை, அங்கே சூடும் இல்லை. அப்புறம் கதவு ஏன் இறுக வேண்டும்? நிலை கோணிக்கொண்டால்தான் கதவு இறுகும். சுவர் நகர்ந்தால்தான் நிலை கோணும்.

இன்னொன்றும் சரியாக இல்லை. நாங்கள் வந்ததிலிருந்து முதல் மாடி குடோனுக்குள் தண்ணீர் அடித்துக்கொண்டே இருந்தோம். அடித்த தண்ணீர் படிக்கட்டு வழியாகவோ சுவர் வழியாகவோ ஓடி வரவேண்டும். சந்தில் வந்ததோ செருப்புகூட முழுதாக நனையாத அளவுக்குத்தான். மீதி எங்கே போனது? கடைக்காரரிடம் குடோனில் என்ன இருக்கிறது என்று கேட்டேன். "பஞ்சு மெத்தை சாகேப். கல்யாண சீசனுக்கு வாங்கிக் கூரை வரைக்கும் அடுக்கியிருக்கேன்" என்றார். தண்ணீரையெல்லாம் அந்த மெத்தைகள் குடித்துக்கொண்டு தளத்தின் மேல் எருமைகள் மாதிரிப் படுத்திருக்கின்றன. அந்தப் பாரத்தைத் தளத்தின் மேல் ஏற்றிக்கொண்டிருப்பது நாங்கள்தான்.

கட்டடம் நகர்கிறதா என்று பார்க்க எங்களிடம் பெரிய கருவி எதுவும் கிடையாது. ஓரிடத்தில் ஆடாமல் நின்று ஒரு கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரின் மூலையும், பின்னால் தூரத்தில் நிற்கும் ஏதாவது ஒரு கம்பமும் ஒரே கோட்டில் வருவதுபோல் பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும். கொஞ்ச நேரம் கழித்து அதே இடத்திலிருந்து பார்த்தால், கோடு விலகியிருந்தால் கட்டடம் நகர்ந்திருக்கிறது. நான் பூட்ஸால் தரையில் கீறி வைத்துக்கொண்டு அப்படிப் பார்த்தேன். இரண்டாம் முறை பார்த்தபோது கம்பம் ஒரு விரல்கடை வெளியே தெரிந்தது போலிருந்தது. உறுதி செய்வதற்குள் போனைத் தூக்கிப் பிடித்து வீடியோ எடுத்தபடியே பின்னால் நகர்ந்து வந்த ஒருவர் என் மேல் மோதினார். நான் இரண்டடி தள்ளிப்போய் விழப்பார்த்தேன். தரையில் கீறியதன் மேல் அவர் நின்றுகொண்டிருந்தார். "சாரி சாரி" என்றவர் வீடியோவை மட்டும் நிறுத்தவில்லை.

நகர்ந்தது கட்டடமா, நானா? இன்று வரை எனக்கு உறுதியாகத் தெரியாது. ஆனால் பிதுங்கிய சுவர், இறுகிய கதவு, வெளியே வராத தண்ணீர், எவ்வளவு நேரமாக எரிகிறது என்பது, இவை எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் போதும் என்று தோன்றியது. விசிலை ஊதினேன். நீளமாக விட்டுவிட்டு ஊதினால் போட்டது போட்டபடி வெளியே வா என்று அர்த்தம். வண்டியின் சைரனையும் அலறவிட்டோம்.

ஆட்கள் வந்தார்கள். கடைக்குள் இருந்தவர்களுக்கு வர மனமே இல்லை. லீடிங் ஃபயர்மேன் ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டே, தீ கைக்குள் வந்துகொண்டிருந்ததே சாகேப், இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் அடக்கியிருப்பார்களே என்றார் மராட்டியில். பேசாத மனிதரே பேசிவிட்டார். இருந்தாலும், "மூலையில நின்னு வெளியிலிருந்தே அடிங்க" என்றேன். கட்டடம் விழுந்தாலும் மூலைகளில் விழுவது குறைவு.

கடைக்காரர் நெஞ்சில் அடித்துக்கொண்டார். "பயந்துட்டு ஓடி வர்றீங்களா?" யாருக்கோ போன் போட்டார். அந்த யாரோ எனக்குப் போன் போட்டார். ஏன் சும்மா நிற்கிறீர்கள் என்று கேட்டார். சுவர் நகர்கிறது என்றேன். "அது எப்படி நகரும்?" என்றார். நேரில் வந்து தாங்கிப் பிடித்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல வாய் வரை வந்தது. வேலை முக்கியம் என்று விழுங்கிவிட்டேன்.

நான் மூன்றாம் முறையாகச் செகரட்டரியிடம் போனேன். "சார், தயவுசெஞ்சு யோசிச்சுச் சொல்லுங்க. கடைக்குள்ள ஏதாவது மாத்தினாங்களா?"

"நாந்தான் சொல்லுதேன்ல தம்பி..."

அவருக்குப் பின்னால் அவர் மனைவி நின்றிருந்தார். அதுவரை வாயே திறக்காதவர்.

"அந்தத் தம்பி எத்தன வாட்டி கேக்காக? நடுச்செவர இடிச்சதச் சொல்லுங்களேன். வாயில என்ன கொழுக்கட்டையா இருக்கு?"

"ஏட்டி, நீ சும்மா கெட."

"நான் என்னத்துக்குச் சும்மா கெடக்கணும்? செவரு பக்கத்துல நிக்கது யாரு பெத்த புள்ளைங்களோ." என்னைப் பார்த்துத் திரும்பினார். "கடையும் பின் ரூமும் தனித்தனியா இருந்துச்சு தம்பி. பெரிய ஷோரூம் வேணும்னு நடுவுல இருந்த செவரத் தட்டிட்டு இரும்பு கர்டர் ஒண்ணக் குறுக்கப் போட்டாக. இவுகதான் சம்மதம் குடுத்தாக. பெர்மிஷன் ஒண்ணும் வாங்கல."

செகரட்டரி லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வானத்தைப் பார்த்தார்.

அவ்வளவுதான் விஷயம். இரும்பு சூடானால் நீளும். இரண்டு பக்கச் சுவர்களுக்கும் நடுவே இறுக்கமாக உட்கார்ந்திருக்கும் உத்தரத்துக்கு நீள இடம் இல்லை. அதனால் சுவரைத் தள்ளுகிறது. இன்னும் சூடானால் இளகித் தொய்யும். மேலே இருக்கும் தளம், அதன் மேல் நனைந்த மெத்தைகள், அதற்கும் மேல் இவர்கள் வீடு எல்லாம் அந்த ஒரு உத்தரத்தை நம்பித்தான் இருந்தன. நான் வந்து இறங்கியதும் அவர் அந்த ஒரு வரியைச் சொல்லியிருந்தால் ஒருவரையும் கடைக்குள் விட்டிருக்கவே மாட்டேன். ஊரைக் கேட்டார், பெயரைப் படித்தார், பேங்க் உத்தியோகத்தைச் சொன்னார். இதைச் சொல்லவில்லை.

கட்டடத்தின் உயரத்தைப்போல் ஒன்றரை மடங்கு தூரத்துக்குக் கூட்டத்தைத் தள்ளச் சொன்னேன். கூட்டம் இரண்டடி பின்னால் போய், நாங்கள் திரும்பியதும் மூன்றடி முன்னால் வந்தது. கயிறு கட்டினோம். கயிற்றுக்கு அடியில் குனிந்து வந்தார்கள். வடாபாவ் வண்டிக்காரர் மட்டும்தான் சொன்னவுடன் நகர்ந்தார். எண்ணெய்ச் சட்டி கொதித்துக்கொண்டிருந்ததால் நகர்வது அவருக்குத்தான் சிரமமாகவும் இருந்தது.

இருட்டுவதற்கு முன் தீ அணைந்துவிட்டது. கடை முழுதும் போனது. குடோனும் போனது. கட்டடம் நின்றது.

அது ஒரு விசித்திரமான காத்திருப்பு. விழும் என்று சொன்னவன் நான். எல்லாரும் ஒரு முறை கட்டடத்தைப் பார்க்கிறார்கள், ஒரு முறை என்னைப் பார்க்கிறார்கள். விழக்கூடாது என்றுதான் நானும் நினைக்கிறேன். ஆனால் அது நின்றுகொண்டிருக்கும் ஒவ்வொரு நிமிஷமும் என்னைப் பொய்யனாக்குகிறது. மறுநாள் காலையிலும் நின்றது. வெயில் பட்டு, கருகிய முகத்தோடு, கம்பீரமாக.

"தீ அணைஞ்சுட்டுல்லா? இன்னும் என்ன? நாங்க உள்ள போறோம்" என்று செகரட்டரி மொத்தக் குடித்தனத்தையும் திரட்டிக்கொண்டு வந்துவிட்டார். சூட்டில் நீண்ட இரும்பு ஆறும்போது சுருங்கும், தள்ளிய சுவரை இப்போது உள்ளே இழுக்கும், அணைந்த பிறகுதான் நிறையக் கட்டடங்கள் விழுகின்றன என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார்கள். கேட்டு முடித்ததும், "சரி, அஞ்சு நிமிஷம் மட்டும் போயிட்டு வந்துடறோம்" என்றார் ஒருவர். எனக்குச் சலூன் நாற்காலியில் நுரையோடு உட்கார்ந்திருந்த கார்க்காரர் ஞாபகம் வந்தது.

அன்று மதியம் ஔந்தில் இருக்கும் என் தங்கை குடும்பக் குழுவில் ஒரு வீடியோ அனுப்பினாள். தீப்பிடித்த கட்டடத்தின் முன்னால் தீயணைப்பு அதிகாரி ஒருவர் ஒரு கண்ணை மூடிக்கொண்டு மொட்டைமாடியைப் பார்த்துக்கொண்டே நிற்கிறார். கீழே யாரோ இந்தியில் எழுதியிருந்தார்கள்: வீடு எரிகிறது, சாகேப் காக்காய்க்குக் குறி பார்க்கிறார். தங்கை கேட்டிருந்தாள்: "அண்ணா, இது நீயா?" சித்தப்பா கட்டைவிரல் போட்டிருந்தார். அம்மா அதைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்துவிட்டு, "ஹெல்மெட்ட நேராப் போட்டிருக்கலாம்" என்றார்.

மாநகராட்சி சார்பில் ஓர் இன்ஜினியர் வந்தார். சுற்றி வந்தார், தட்டிப் பார்த்தார், போட்டோ எடுத்தார். "விழுமா சார்?" என்று செகரட்டரி கேட்டார். "விழலாம். விழாமலும் இருக்கலாம்" என்றார் அவர். இதற்கு நானே போதுமே! ஆனால் பிறகு என்னைத் தனியாகக் கூட்டிப் போய், ஆட்களை வெளியே எடுத்தது நல்லதாகப் போயிற்று என்றார். அதை எல்லார் முன்னாலும் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

கடைக்குள் இரும்பு முட்டுகள் கொடுத்த பிறகு, வீட்டுக்கு ஒருவராக உள்ளே போய் முக்கியமானதை எடுத்துவர விட்டோம். பத்திரம், மாத்திரை, நகை, அவ்வளவுதான் என்று சொல்லி அனுப்பினோம். செகரட்டரி போனார். வரவே காணோம். என் ஆள் ஒருவர் மேலே போய்ப் பார்த்தால், பெரியவர் இன்வெர்ட்டர் பேட்டரியைப் படி படியாக இறக்கிக்கொண்டிருக்கிறார். விரிசல் விட்ட படிக்கட்டில், ஒவ்வொரு படியிலும் 'தொம்' என்று வைத்து. நான் கீழே நின்று ஒவ்வொரு 'தொம்'முக்கும் சுவரைப் பார்த்தேன்.

"புது பேட்டரி தம்பி. இப்பத்தான் மாத்துனேன்" என்றார் வியர்வையைத் துடைத்துக்கொண்டு.

"பிரஷர் மாத்திரை எங்க?" என்றார் அவர் மனைவி.

மாத்திரையை மறந்துவிட்டார். லீடிங் ஃபயர்மேன் திரும்ப மேலே ஏறி எடுத்துவந்தார்.

மழைக்கு முன்பாக இடிப்பது என்று முடிவாயிற்று. இடிக்கும் நாளில் பாதுகாப்புக்கு நாங்களும் போயிருந்தோம். இயந்திரம் முன்பக்கத்தைத் தட்டியது. லேசில் விழவில்லை. வேடிக்கை பார்த்தவர்கள் கைதட்டினார்கள். செகரட்டரி என் பக்கத்தில் வந்து நின்று, "பாத்தீங்களா, என்ன ஸ்ட்ராங்கு!" என்றார், ஏதோ அவர் பிள்ளை ஓட்டப்பந்தயத்தில் ஜெயித்ததுபோல. இடது பக்கச் சுவரைத் திறந்தபோது கர்டரைப் பார்த்தேன். நடுவில் வில்லாக வளைந்து தொங்கியது. அதன் ஒரு முனை சுவருக்குள்ளிருந்து ஏறக்குறைய நழுவி வெளியே வந்து, அரைச் செங்கல் அளவு இடத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. அந்த அரைச் செங்கல் அன்று எங்கள் ஆட்கள் உள்ளே இருந்திருந்தாலும் தாங்கியிருக்குமா? தாங்கியிருக்கலாம். தெரியாது. லீடிங் ஃபயர்மேன் அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு வண்டியில் ஏறி உட்கார்ந்தார். தீ கைக்குள் வந்துகொண்டிருந்தது என்று அதற்கப்புறம் அவர் சொல்லி நான் கேட்டதில்லை.

செகரட்டரியிடம் அந்தக் கர்டரைக் காட்டினேன். பார்த்தார்.

"இருந்தாலும் விழலைலா" என்றார்.

சில வாரம் கழித்து அவர் மனைவி போன் செய்தார். பக்கத்திலேயே வாடகைக்கு வந்திருக்கிறோம், ஒரு வாய் காப்பி குடித்துவிட்டுப் போங்க என்றார். போனேன். முதல் மாடி, நல்ல வெளிச்சமான வீடு. நுழையும்போதே கதவை நான் இருமுறை திறந்து மூடிப் பார்த்ததை அந்த அம்மா கவனித்துவிட்டார். காப்பியைக் கையில் கொடுத்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "தம்பி, செவரெல்லாம் சரியா இருக்கான்னு ஒரு பார்வ பாத்துச் சொல்லுங்க. அவுக சொல்றத நான் நம்ப மாட்டேன்" என்றார்.

ஹாலில் கால் நீட்டி உட்கார்ந்திருந்த செகரட்டரிக்கு அது கேட்டுவிட்டது. "எல்லாம் நான் பாத்துட்டேன். தூண் போட்ட கெட்டடம். ஒண்ணும் ஆவாது."

"கீழ என்ன சார் கடை?" என்றேன். வரும்போது ஷட்டர் சாத்தியிருந்தது.

"பெயிண்ட் குடோன்" என்றார். "தங்கமான மனுசன். ஒரு பிரச்சனையும் கெடையாது."

நான் காப்பியைக் கீழே வைத்தேன்.